கீபோர்டு சீக்வென்சர்ல டெம்போ, தாளம், டைமிங் இந்த மூணுல எதை முதல்ல செட் பண்ணணும்?

ஒருத்தர் கேட்டிருக்கிறது இதுதான்: கீபோர்டுல இருக்கிற சீக்வென்சர்லயே முழுப்பாட்டும் ரெக்கார்ட் பண்றாரு, மெட்ரோனோம் (அடிக்கு அடி டிக் டிக்னு தட்டுறது) போட்டு வாசிச்சாலும் பார் (தாளத்தோட ஒரு கட்டம்) கணக்கு எங்கயோ தப்புது, சரின்னு குவான்டைஸ் (நோட்ட எல்லாம் தாளக் கட்டத்துல தானா ஒட்ட வைக்கிறது) போட்டா பாட்டுல உயிரே இல்லாம போகுது, என்ன செய்யணும்னு.

நான் களியக்காவிளை பக்கம். சர்ச் கொயருக்கும் கோயில் கொடைக்கும் கரோக்கி ட்ராக் பண்ணிக் குடுக்கேன், பாட வாறவங்க பாதிப்பேரு மார்த்தாண்டம், குழித்துறை, மீதிப்பேரு பாறசாலை, நெய்யாற்றின்கரை. தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறி மாறி வரும், தாளமும் அப்படித்தான் மாறும், அதனால இந்த விஷயத்துல எனக்குன்னு ஒரு அழுத்தமான கருத்து இருக்கு. தாளத்தை ரெக்கார்ட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிரணும், டெம்போவை எப்ப வேணும்னாலும் மாத்திக்கிடலாம், டைமிங்கைப் பின்னால பாதிதான் திருத்த முடியும். பலபேரு இதைத் தலைகீழா செய்றாங்க, டெம்போ நம்பருக்கு அரைமணி நேரம் மெனக்கெட்டுட்டு டைம் சிக்னேச்சர் (பாருக்கு எத்தனை அடிங்கிற தாள செட்டிங்) 4/4லயே கிடக்கட்டும்னு விட்டுடுறாங்க.

ஏன்னு சொல்லுதேன். சீக்வென்சர் சத்தத்தைப் பதிவு பண்ணல, எந்த நோட், எவ்வளவு அழுத்தம், எந்த இடத்துல அப்படிங்கிறத மட்டும்தான் எழுதி வைக்குது. அந்த இடத்தை டிக் கணக்குல அளக்கும், ஒரு கால் நோட்டுக்கு (4/4ல ஒரு அடி) பழைய மெஷின்ல 96 டிக், நிறைய சாஃப்ட்வேர்ல 480 இல்ல 960, யமஹா பிஎஸ்ஆர்ல 1920. டெம்போ 120ன்னா (நிமிஷத்துக்கு 120 அடி) ஒரு கால் நோட் அரை செகண்ட், 480 டிக்ல பாத்தா ஒரு டிக்குக்கு ஒரு மில்லி செகண்ட் சொச்சம் வருது. டெம்போவ மாத்தினா டிக்கோட நீளம் மட்டும்தான் மாறும், நோட் இருந்த டிக்லயேதான் இருக்கும். அதனால கஷ்டமான இன்டர்லூட 75ல வாசிச்சுட்டு 105ல ஓட விட்டா ஒண்ணும் கெடாது. ஆனா ரொம்பக் குறைச்சு வாசிச்சா விரல் அழுத்தமே வேற மாதிரி விழும், அது வேகமா ஓடுறப்போ காதுல உறுத்தும், பாதிக்கும் கீழ போகாதீங்க. மைக்ல பாடினதை ஆடியோவா ஏத்திட்டீங்கன்னா இந்தச் சலுகை கிடையாது, அதுக்கு முன்னாலயே டெம்போ உறுதியாகியிருக்கணும்.

தாளம் அப்படி இல்ல. தப்பான டைம் சிக்னேச்சர்ல வாசிச்சாலும் கேக்குறதுக்கு சரியாத்தான் இருக்கும், ஆனா பார் கோடு எல்லாம் தப்பான இடத்துல விழுந்திருக்கும், அப்புறம் பல்லவிய காப்பி பண்ணி சரணத்துக்குப் பின்னால ஒட்டணும்னு பாத்தா பாதி வரியில வெட்டும், பஞ்ச் இன் (நடுவுல ஒரு துண்ட மட்டும் திரும்ப ரெக்கார்ட்) பண்ணினா முன்ன பின்ன இருக்கிற நோட்டத் தின்னுடும். நிறைய கீபோர்டுல டேட்டா ஏறின பிறகு டைம் சிக்னேச்சர மாத்தவும் விடாது. ஸ்டைல் (கீபோர்டுலயே இருக்கிற ரெடிமேட் பக்கவாத்தியம்) போட்டு ரெக்கார்ட் பண்றவங்க கவனிக்கணும், ஸ்டைலோட தாளம்தான் பாட்டோட தாளமா பதிவாகும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா கீபோர்ட ஆஃப் பண்ணிட்டுப் பாடி, தொடையில தாளம் போடுங்க. ஆதி தாளம்னா 4/4 ரெண்டு பார் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தோட முழு சுத்து). ரூபகம் 3/4. கண்ட சாபு 5/8. மிஸ்ர சாபு 7/8, அதுலதான் சிக்கல், மெட்ரோனோம் முதல் அடிக்கு மட்டும் மணி அடிச்சுட்டு மத்த ஆறையும் ஒரே மாதிரி தட்டும், வாசிக்கிறவனுக்கு நடு வழியில கணக்கு நழுவிடும். நான் என்ன பண்ணுவேன்னா மெட்ரோனோம ஆஃப் பண்ணிட்டு ஒரு கைட் ட்ராக் போடுவேன், தகிட தகதிமின்னு வாயில சொல்லிக்கிட்டே ஒண்ணு, நாலு, ஆறு இந்த மூணு அடியில மட்டும் ரிம் ஷாட் (டிரம் விளிம்புல அடிக்கிற சத்தம்), அதை ரெண்டு பார் சுத்தமா வாசிச்சு பாட்டு நீளத்துக்கும் காப்பி பண்ணிட்டு அது மேல வாசிப்பேன், கடைசியில அந்த ட்ராக அழிச்சிருவேன். 7/8 இல்லாத கீபோர்டுன்னா 7/4 வச்சு டெம்போவ இரட்டிச்சுக்கிடுங்க.

எங்க பக்கம் அதிகமா வாறது 6/8, கரோல் சீசன்ல கேக்கவே வேண்டாம். இதுல டெம்போ நம்பர் ஏமாத்தும். நம்ம காலு பாருக்கு ரெண்டு தட்டுதான் தட்டும், ஒரு தட்டுக்கு மூணு எட்டாம் நோட், அதாவது புள்ளி வச்ச கால் நோட். ஆனா நிறைய சீக்வென்சர் எந்தத் தாளத்துலயும் கால் நோட்ட வச்சுத்தான் டெம்போ காட்டும். நம்ம தட்டு நிமிஷத்துக்கு 80ன்னா அதை ஒண்ணரையால பெருக்கி 120ன்னு வைக்கணும். 80ன்னே வச்சுட்டு பாட்டு இழுக்குதேன்னு சொல்றவங்க நிறைய உண்டு.

செண்டை மேளம் மாதிரி வேணும்னு கேட்டு வந்தாங்கன்னா ஒரே டெம்போவுல பூட்டவே கூடாது. பஞ்சாரி மேளத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரத்துல (தாள எண்ணிக்கை) தொடங்கி 48, 24, 12, கடைசியில 6ன்னு சுருங்கிக்கிட்டே போகும், வேகம் ஏறிக்கிட்டே இருக்கும், அந்த ஏத்தம்தான் மேளமே. 6/8 வச்சு எல்லாம் வாசிச்சு முடிச்சுட்டு டெம்போவ படிப்படியா ஏத்துங்க.

டெம்போ எவ்வளவுன்னு பாடுறவங்ககிட்ட கேக்கணும். பல்லவிய வச்சு முடிவு பண்ணாதீங்க, சரணத்துல மூச்சு நீளமா புடிக்கிற வரி எதுவோ அதைப் பாடச் சொல்லி டேப் டெம்போ பட்டன அடிக்கு அடி தட்டுங்க. எங்க கொயர்ல ஒரு அக்கா அந்த வரி வரும்போதெல்லாம் "பைய போ மக்கா"ன்னு சொல்லுவாங்க, அவங்க சொல்ற வேகம்தான் எப்பவும் சரியா இருக்கும். பாடப்போற இடம் எதிரொலிக்கிற பெரிய சர்ச்சுன்னா அதுலயும் ரெண்டு மூணு பிபிஎம் (டெம்போ நம்பர்) குறைச்சுக்கிடுங்க, இல்லன்னா வார்த்தையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்.

இனி டைமிங். பாட்ட முதல் பார்லயே தொடங்காதீங்க. ரெண்டு பார் சும்மா விடுங்க, அதுல முதல் பார்ல வாய்ஸ், வால்யூம், ரிவெர்ப் செட்டிங் மட்டும் இருக்கட்டும். எடுப்பு (பாட்டு தொடங்குற இடம்) தள்ளி வாற பாட்டு, சமத்துக்கு (தாளத்தோட முதல் அடி) முந்தி வாற பாட்டு எல்லாத்துக்கும் இடம் கிடைக்கும். இன்னொண்ணு, கவுண்ட் இன் முடியுறதுக்கு ஒரு பொட்டு முன்னாலயே விரல் பட்டுட்டா நிறைய கீபோர்டுல அந்த முதல் நோட்டு பதிவே ஆகாது, காலி பார் விட்டா அந்தத் தொல்லையும் இல்ல. ப்ளூடூத் ஹெட்போன் மாட்டி வாசிக்காதீங்க, கிளிக்கே பிந்தித்தான் காதுல விழும்.

உங்க பாட்டுல உயிர் போறதுக்குக் காரணம் எல்லா ட்ராக்கையும் ஒரே குவான்டைஸ்ல போடுறதுதான்னு நினைக்கேன். டிரம்ஸ், பேஸ் ரெண்டையும் தாராளமா போடுங்க, அதுவும் பாட்டோட நடைக்குத் தக்க. திஸ்ர நடை (ஒரு அடிக்கு மூணு நோட்டு) வாசிச்சுட்டு பதினாறாம் நோட் கட்டத்துல குவான்டைஸ் போட்டா முதல் நோட்டு தவிர மத்த ரெண்டும் பக்கத்துக் கட்டத்துக்கு இழுபட்டு நொண்டும், அதுக்கு ட்ரிப்ளெட் எடுக்கணும். பியானோவுக்கு குவான்டைஸ் ஸ்ட்ரெங்த் (எவ்வளவு தூரம் இழுக்கணும்ங்கிற அளவு) குறைக்க வழி இருந்தா பாதி போதும், முழுசா போட்டா விரிச்சு வாசிச்ச கார்டு எல்லாம் ஒரே அடியா விழும். புல்லாங்குழல், நாதஸ்வரம், வீணை டோன்ல பிட்ச் பெண்ட் (ஸ்வரத்தை வளைக்கிறது) புடிச்சு கமகம் வாசிச்சிருந்தீங்கன்னா அந்த ட்ராக்ல கையே வைக்காதீங்க, பல கீபோர்டுல நோட்டு மட்டும்தான் நகரும், பெண்ட் பழைய இடத்துலயே நிக்கும், கமகம் ஸ்வரத்துக்கு முன்னயோ பின்னயோ போய் அபஸ்வரமா கேக்கும். சஸ்டெயின் பெடலும் அதே கதைதான். ஸ்ட்ரிங்ஸ் டோன் மெதுவா எழும்புறதால சரியா கட்டத்துல வச்சாலும் பிந்தினாப்லதான் கேக்கும், பத்து இருபது மில்லி செகண்ட் முன்னால தள்ளுங்க. குவான்டைஸ் போடுறதுக்கு முன்னால பாட்ட வேற பேர்ல யூஎஸ்பியில சேவ் பண்ணிக்கிடுங்க, ஓகே குடுத்துட்டா பழைய வாசிப்பு திரும்பி வராது.

கடைசி வரி இழுத்து முடியுற பாட்டுன்னா அதை வாசிக்கும்போது கையால இழுக்காதீங்க, கிளிக்கோட ஒட்டி வாசிச்சு முடிச்சுட்டு டெம்போ ஈவென்ட் (இந்த இடத்துல டெம்போ மாறணும்னு எழுதி வைக்கிற குறிப்பு) போட்டு இழுங்க. 96ல ஓடுற பாட்டுன்னா கடைசி ரெண்டு பார்ல 92, 86, 78ன்னு அடிக்கு அடி இறக்கணும், பாருக்கு ஒரு தடவை இறக்கினா பிரேக் போட்டாப்ல இருக்கும்.

உங்க கீபோர்டு மாடல் என்னன்னு சொன்னா மெனு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுதேன்.