ஊட்டிக் குளிரில் வேகமான கேம் ஆட எந்த மானிட்டர் நல்லது?

கேட்டவர் ஊட்டிக்காரர். வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள் ஆடுகிறாராம். கையில் 15,000 ரூபாய். 27 இஞ்ச் வளைந்த திரை, விஏ பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படம் மாறும்), பெட்டி மேல் பெரிதாக ‘1 எம்எஸ்’ (ஒரு மில்லிசெகண்ட்) என்று அச்சடித்த ஒரு மானிட்டரைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா என்கிறார்.

நான் கோத்தகிரி. என்னைக் கேட்டால், வேண்டாம். அந்தக் காசுக்குள்ளேயே 24 இஞ்ச், 1080பி (1920 x 1080 புள்ளிகள்), தட்டையான ஐபிஎஸ் பேனல் (எல்சிடியில் இன்னொரு வகை), 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதை எடுங்கள். யூடியூபில் விஏ பேனலைப் புகழ்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. கருப்பு நிறம் அதில் உண்மையிலேயே நன்றாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் அவர்கள் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறார்கள். காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல் மேல் உறைபனி கொட்டிக்கிடக்கிற ஜனவரியில் நம் அறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

எல்சிடி திரையில் ஒரு புள்ளி நிறம் மாற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் திரவப் படிகம் திரும்ப வேண்டும். குளிரில் அது நம் ஊர்த் தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டிப்பட்டு, மந்தமாகத் திரும்பும். ஐபிஎஸ், டிஎன், விஏ என்று எல்சிடியில் எந்த வகையானாலும் இது உண்டு. விஏ மட்டும் ஏற்கெனவே ஒரு இடத்தில் பலவீனமானது: கருப்பிலிருந்து அடர் சாம்பல் நிறத்துக்கு மாறும்போது தடுமாறும். விலை குறைந்த விஏ பேனல்களில் இந்த மாற்றத்துக்கு 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். அதன் தலையில் குளிரும் ஏறினால் கேட்க வேண்டாம்.

மாமா பையன் வீட்டில் அப்படி ஒரு விஏ மானிட்டர் இருக்கிறது. டிசம்பரில் ராத்திரி போய் உட்கார்ந்தேன். வெளிச்சமான மைதானத்தில் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. இருட்டான சந்துக்குள் நுழைந்து மவுஸைச் சட்டென்று திருப்பினால், சுவரோரத்து நிழல் எல்லாம் கரி பூசினாற்போல இழுபட்டு, பின்னாலேயே ஊதா நிறத்தில் ஒரு வால் வந்தது. மூலையில் குனிந்திருந்த எதிரி அந்த வாலுக்குள் மறைந்துவிட்டான். அரை மணி நேரம் கழித்து, மானிட்டரின் முதுகில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தபோது, வால் பாதியாகக் குறைந்திருந்தது. அவன் இப்போதெல்லாம் சாப்பிடப் போகும் முன்பே மானிட்டரைப் போட்டுவிட்டுத்தான் போகிறான். கெட்டிக்காரன். இருந்தாலும் புதிதாக வாங்குகிறவர் ஏன் இந்தப் பாடு படவேண்டும்?

அப்புறம் அந்த ‘1 எம்எஸ்’. பக்கத்தில் பொடி எழுத்தில் எம்பிஆர்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு மங்கலைக் குறைக்கும் முறையில் அளந்தது. அதை ஆன் செய்தால் திரை இருளும், பெரும்பாலான மானிட்டர்களில் ஃப்ரீசிங்க் (கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்துக்குத் திரையை ஒத்து ஓட்டும் வசதி) வேலை செய்யாது. ஜிடிஜி என்று இருந்தால் புள்ளி நிறம் மாறும் வேகம்தான், ஆனால் அதுவும் ஓவர்டிரைவை (புள்ளிகளை வேகமாக மாறத் தூண்டும் அமைப்பு) உச்சத்தில் வைத்து, சாதகமான மாற்றத்தை எடுத்து அளந்ததாக இருக்கும். அந்த உச்சத்தில் ஆடினால் உருவங்களுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக நிழல் விழும். மெனுவில் ஓவர்டிரைவை நடுவில் வையுங்கள்.

ஹெர்ட்ஸ் கணக்கு எளிது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் திரையில் நிற்கும், 144-ல் 6.9, 165-ல் 6.1, 240-ல் 4.2. அறுபதிலிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் லாபம், கண்ணுக்கே தெரியும். 165-லிருந்து 240-க்கு இரண்டு கூட இல்லை. அதற்காகக் கூடுதலாக நாலாயிரம், ஐயாயிரம் கொடுக்க எனக்கு மனசு வராது. வேலோரண்ட் சுமாரான கிராஃபிக்ஸ் கார்டிலும் பறக்கும், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 அப்படியல்ல. 1440பி திரை (2560 x 1440 புள்ளிகள்) 1080பி போல 1.78 மடங்கு புள்ளிகளைக் கேட்கும், கார்டு திணறினால் ஹெர்ட்ஸ் எல்லாம் வெறும் எண். 27 இஞ்சில் 1080பி என்றால் எழுத்துகள் பிசிறடிக்கும், நீங்கள் பார்த்து வைத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃப்ரீசிங்க் கட்டாயம் இருக்கட்டும். ஓஎல்இடி (திரவப் படிகம் இல்லாமல் புள்ளிகள் தாமே ஒளிரும் திரை) இந்தக் குளிருக்கு மசியாது, வேகத்திலும் அதுதான் ராஜா, ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்று, பிங் (இணையத்தில் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) எகிறுவதற்கு மானிட்டரில் மருந்து கிடையாது. மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் 500 ஹெர்ட்ஸ் வாங்கினாலும் அதே கதிதான்.

வாங்கி வந்த பிறகு கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் குத்துங்கள், முடிந்தவரை டிஸ்ப்ளே போர்ட்டில். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக 144-க்கு மேல் வராது. விண்டோஸ் பெரும்பாலும் தானாக 60-லேயே நின்றுகொண்டிருக்கும், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் நீங்கள்தான் மாற்ற வேண்டும். மாற்றாமலே மாதக்கணக்கில் ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி வந்ததும் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். குளிரில் கிடந்த பொருளைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். ரூம் ஹீட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. 2,000 வாட் ஹீட்டர் அந்த ஒயரையே உருக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி இறங்கினால் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மானிட்டருக்கு 20, 30 வாட்தான் என்பதால் யுபிஎஸ் பற்றி யோசிக்கும்போது சிபியுவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு தடவையாவது விடியற்காலையில், அறை நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, போட்ட உடனே ஆடிப் பாருங்கள். பிரவுசரில் டெஸ்ட் யுஎஃப்ஓ என்ற மானிட்டர் சோதனைப் பக்கத்தைத் திறந்தாலும் போதும், அதில் ஓடும் பறக்கும் தட்டுக்குப் பின்னால் வால் எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும். வாரண்டியில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம்தான் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போகவேண்டும் என்றால் அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பரண் மேல் வையுங்கள், குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.