ஜோம்பி பற்றிக் கேளுங்கள்

கே: ஜோம்பி என்றால் மனிதக்கறி தின்னும் பிணம். இதில் பண்பாடு எங்கே வருகிறது?

ப: தின்பதெல்லாம் பிற்பாடு வந்தது. கரீபியன் நாடான ஹைட்டியின் பழைய ஜோம்பி யாரையும் கடிக்காது, வேலை மட்டும் செய்யும். 1804-இல் விடுதலை பெறும்வரை ஹைட்டி பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டக் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், செத்தால் உயிராவது மூதாதையர் நிலத்துக்குத் திரும்பும் என்று நம்பினார்கள். அந்த வழியையும் அடைப்பவன் பொக்கோர் என்னும் மந்திரவாதி. புதைத்தவரை எழுப்பி, நினைவில்லாமல் வயலில் இறக்குவான். உப்பில்லாத சாப்பாடுதான் போடுவான். நாக்கில் உப்புப் பட்டுவிட்டால் ஜோம்பி தான் செத்ததை உணர்ந்து கல்லறைக்கே போய்விடுமாம். ஆக, அங்கே மக்கள் பயந்தது ஜோம்பியைப் பார்த்தல்ல, தாங்களே அப்படி ஆகிவிடுவோமோ என்றுதான்.

கே: அமெரிக்க சினிமாவுக்கு எப்படிப் போனது?

ப: 1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. சாலை போட ஊர்மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். அந்தக் காலத்திலேயே, 1932-இல், ‘ஒயிட் ஜோம்பி’ வந்துவிட்டது. அதில் சர்க்கரை ஆலைக் காட்சியைப் பாருங்கள்: ஜோம்பித் தொழிலாளி ஒருவன் அரைவைக்குள் விழுகிறான், மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கே: நிஜத்தில் ஜோம்பி உண்டா?

ப: செத்தவர் எழுவதில்லை.

கே: 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இனவெறியைப் பேசுகிறது என்பது திணிப்பு. திறமைக்காகத்தான் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸை நாயகனாக எடுத்தேன் என்று இயக்குநர் ரொமேரோவே சொன்னாரே?

ப: சொன்னார், நம்புகிறேன். ஆனால் முடிவைப் பாருங்கள். இரவெல்லாம் தாக்குப்பிடித்த கறுப்பின நாயகனை, காலையில் துப்பாக்கியோடு வந்த வெள்ளையர் கும்பல் சுட்டுவிட்டு, கொக்கியோடு வந்து உடலை நெருப்புக்குக் கொண்டுபோகிறது. கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது அதே ஆண்டு ஏப்ரலில். படம் வந்தது அக்டோபரில்.

கே: இயக்குநர் நினைக்காத அர்த்தம் எப்படிப் படத்தில் இருக்கும்?

ப: பார்ப்பவர்கள் தாங்கள் வாழும் நாட்டை மறந்துவிட்டா தியேட்டருக்குள் வருகிறார்கள்? அந்தக் கொக்கியும் நெருப்பும் அவர்களுக்கு எதை நினைவூட்டியிருக்கும்? படத்தில் ‘ஜோம்பி’ என்ற சொல்லே கிடையாது. நாம்தான் அந்தப் பெயர் வைத்தோம். அதற்காக அது ஜோம்பிப் படம் இல்லை என்பீர்களா?

கே: விஷம் கொடுத்து ஜோம்பி ஆக்குவார்களாமே, நிஜமா?

ப: செத்தவர் எழுவதில்லை என்று மேலே சொல்லிவிட்டேன். பஃபர் மீன் விஷம்தான் காரணம் என்ற 1980-களின் வாதத்தை விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

கே: கதை எழுதுகிறேன். வூடூ பூசாரிதான் வில்லன். சரியா?

ப: வேண்டாம். வூடூ ஹைட்டி மக்கள் இன்றும் பின்பற்றும் சமயம். 2003-இல் ஹைட்டி அரசு அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. பூசாரி வேறு, பொக்கோர் வேறு. வில்லன் வேண்டுமென்றால் தோட்ட முதலாளி இருக்கிறான்.