டோகமாக்கிலிருந்து தப்பும் வேக அயனிகளை எப்படி அளக்கிறார்கள்?

செங்கோட்டை மாணவர் ஒருவர், டோகமாக்கின் (மிகச் சூடான மின்னூட்ட வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ அணுக்கரு இணைவுக் கருவி) காந்தக் கூண்டிலிருந்து நழுவும் வேக அயனிகளை (மற்ற துகள்களைவிட மிக அதிக ஆற்றலுள்ள மின்னூட்ட அணுக்கள்) எந்தக் கருவி அளக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

பிளாஸ்மாவின் விளிம்புக்கு வெளியே, சுவரை ஒட்டி, நுண்துளையுள்ள ஓர் உணர்கருவியை வைக்கிறார்கள். துளைக்குள் புகும் அயனியை டோகமாக்கின் காந்தப்புலமே வளைப்பதால், அதன் சுழல் ஆரத்துக்கும் (காந்தக் கோட்டைச் சுற்றி அது போடும் வட்டத்தின் ஆரம்) காந்தக் கோட்டோடு அது கொள்ளும் சாய்கோணத்துக்கும் ஏற்ற இடத்தில் அது ஒளிர்தகட்டில் (துகள் மோதினால் ஒளிரும் தகடு) மோதுகிறது; எனவே ஒளிப்புள்ளி விழும் இடமே ஆற்றலையும் பாதையையும் சொல்லிவிடுகிறது, கருவிக்கெனத் தனிக் காந்தம் வேண்டியதில்லை என்பதே இதன் அழகு. கேமரா அந்தப் படத்தைப் பதிகிறது. பிளாஸ்மா அலைகள் அயனிகளை நொடிக்குப் பல்லாயிரம் முறை உதறித் தள்ளும் வேகத்தைப் பிடிக்க மங்கிய ஒளியையும் மிக விரைவாக மின்குறிகையாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்கள் உதவுகின்றன.

குறை ஒன்றுண்டு: புளியரைச் சோதனைச்சாவடியில் நிற்பவர் களியக்காவிளை வழியே கேரளம் போகும் லாரியைக் காண முடியாததைப் போல, ஒரு கருவி தன்னிடத்தில் விழும் இழப்பை மட்டுமே அறியும். ஆகவேதான் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு என்ற டோகமாக்கில் பல இடங்களில் இவற்றைப் பொருத்தியுள்ளனர்.