இறங்கியதும் யாரிடம் கேட்கிறார்கள்?

கேள்வி: சொந்தமாகப் பல் கிளினிக் நடத்துகிறேன். ஒன்பது வருடமாக இருந்த உதவியாளர், என் வீட்டுப் பெண் மாதிரி. ஒரு பாட்டிக்கு ரூட் கெனால் செய்யும்போது பல்லின் வேரைச் சுத்தம் செய்யும் ஊசி மாதிரிக் கருவியான ஃபைலில் தப்பான அளவை எடுத்துக் கொடுத்தாள். "அறிவிருக்கா?" என்றேன். மறுநாளிலிருந்து வரவில்லை. பேஷன்ட்டுகளும் சேரை விட்டு இறங்கியதும் அவளிடம்தான் போய் விவரம் கேட்பார்கள். அந்த மிதப்பு வேறு. பணிவான ஆளுக்கு எங்கே போவது?
- பல் மருத்துவர், கும்பகோணம்

பதில்: பணிவான ஆளைப் பற்றி அப்புறம் பேசலாம், டாக்டர். வைத்தியம் பார்த்தது நீங்கள். விவரத்தை ஏன் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்கிறார்கள்?

வாயில் ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் எச்சில் உறிஞ்சும் குழாய். கீழ்த்தாடைக்கு மரப்பு ஊசி போட்டால் உதடு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் பேச்சைக் கேட்காது. அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு "புரிஞ்சுதா?" என்றால் "ம்" என்றுதான் வரும். அது சம்மதமா? என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியாயிற்று. இன்னும் எத்தனை சிட்டிங், கேப் போட எவ்வளவு ஆகும், ராத்திரி சாப்பிடலாமா என்பதையெல்லாம் வாசலில் நின்று சொன்னவர் அந்தப் பெண். உங்கள் வேலையில் பாதியை ஒன்பது வருடம் பார்த்தவருக்கு மிதப்பாம்!

"வீட்டுப் பெண் மாதிரி" என்று எந்த முதலாளி சொன்னாலும் எனக்குச் சம்பள நோட்டைப் பார்க்கத் தோன்றும். சரி, வீட்டுப் பெண் என்றே வைத்துக்கொள்வோம். பெற்ற மகளை வெளியாள் முன்னால் அறிவிருக்கா என்று கேட்பவரை நான் நல்ல தகப்பன் என்று சொல்ல மாட்டேன். "இது இல்லம்மா, இருபத்தஞ்சாம் நம்பர் ஃபைல்" என்று கையை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். வாயைத் திறந்தபடி படுத்திருந்த பாட்டி, தன் பல்லுக்கு என்ன ஆயிற்றோ என்று எப்படிப் பதறியிருப்பார்!

அவர் அடுத்த சிட்டிங்குக்கு வந்தாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும். கசிந்தால் மறுபடி கிருமி உள்ளே போய்விடும். இன்றைக்கே ஃபோன் போடுங்கள். சாயங்காலம் அந்தப் பெண் வீட்டுக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். திரும்ப வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

மன்னிப்புக் கேட்டதைப் பாட்டியிடமும் சொல்லுங்கள். பஞ்சு வைப்பதற்கு முன்னால்.