பண்டைய மத்தியதரைக் கடல் நாகரிகங்களை ஆராய வரலாற்றாசிரியர்கள் மட்டும் போதாதா?

போதாது. நான் படித்தது வேதியியல், வரலாறு பொழுதுபோக்குதான். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சொந்தக் கட்சிப் பாசம் இருக்கும். ஆனால் என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு சுண்டெலி.

1982-இல் துருக்கியின் தென்கரையில், காஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடற்பஞ்சு எடுக்க முங்கிய ஒருவர், அடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடக்கின்றன என்று வந்து சொன்னார். அவை செம்புக் கட்டிகள். மாட்டுத்தோலை விரித்துப் போட்டதுபோல நான்கு மூலையும் நீண்டிருக்கும். கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் மூழ்கிய கப்பல் அது. உலுபுருன் கப்பல் என்பார்கள். 1984 முதல் 1994 வரை, முதலில் ஜார்ஜ் பாஸ், பிறகு ஜெமால் புலாக் என்ற கடலடித் தொல்லியலாளர்கள் தலைமை தாங்க, 22,000 தடவைக்கு மேல் முங்கி எடுத்தார்கள். ஆழம் 40 மீட்டருக்கும் அதிகம்.

செம்பு 10 டன், வெள்ளீயம் 1 டன். வெண்கலம் உருக்க இரண்டையும் கலக்கிற கணக்கு ஏறக்குறைய அதேதான். அதோடு நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல், பால்டிக் கரையின் அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) மணிகள், எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் முத்திரை. எழுத்து என்று பார்த்தால் இப்படிச் சில துணுக்குகள்தான். மெழுகு பூசி எழுதும் மடிப்புப் பலகை ஒன்று கிடைத்தது. ஆனால் மெழுகு மிஞ்சவில்லை. வரலாற்றாசிரியர் எதைப் படிப்பார்?

ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறுபடும் அணு வகை; அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். செம்பில் இருக்கும் ஈய ஐசோடோப்புகளை அளந்து, அது சைப்ரஸ் சுரங்கத்துச் செம்பு என்றார்கள். கண்ணாடியின் கலவை எகிப்தைக் காட்டியது. சரி, கப்பல் எந்த ஊருடையது? இங்கேதான் எலி வருகிறது. கப்பலின் வண்டலில் ஒரு சுண்டெலியின் தாடைத் துண்டு சிக்கியது. அதன் கடைவாய்ப் பல்லின் வடிவத்தைப் பல ஊர் எலிகளின் பல்லோடு ஒப்பிட்டு, சிரியாவின் வடகரை எலி என்று 2008-இல் விலங்கியல்காரர்கள் எழுதினார்கள். ஆனால் மாலுமிகள் புழங்கிய பாண்டங்களின் மண்ணையும் நங்கூரக் கல்லையும் பார்த்தவர்கள், இன்னும் தெற்கே இன்றைய இஸ்ரேலின் கார்மேல் கரையைக் காட்டுகிறார்கள். என் கட்சி மண்தான். எலி சரக்கு ஏற்றிய ஏதோ ஒரு துறைமுகத்தில் டிக்கெட் வாங்காமல் ஏறியிருக்கலாம். சமையல் பாத்திரத்தை வீட்டிலிருந்துதானே எடுத்து வருவோம்?

வெள்ளீயம் இன்னும் பெரிய தலைவலி. அதில் மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசியாவின் முஷிஸ்டன் சுரங்கத்திலிருந்து வந்தது என்று 2022-இல் ஒரு குழு சொன்னது. உண்மையானால் பாமிர் மலைப் பக்கத்து உலோகம் பாலைவனமும் மலையும் தாண்டி, கைமாறிக் கைமாறி அந்தக் கப்பலுக்கு வந்திருக்கிறது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, முஷிஸ்டனாக இருக்க முடியாது என்று மறுத்து எழுதியது. இதில் வேடிக்கை, இரண்டு பக்கமும் ஐசோடோப்பு ஆட்கள்தான், அதாவது என் கட்சிக்காரர்கள்.