இலை இருக்கிறது, பூவைக் காணோம்: காட்டு டாஃபோடில் ஏன் பூக்கவில்லை?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன், தோட்டத்து ஓரத்தில் இலையுதிர் மரத்தடிப் புல்தரையில், வசந்தத்தில் மஞ்சள் பூ விடும் காட்டு டாஃபோடில் கிழங்குகள் 50 நட்டேன். இங்கே குளிர்காலத்தில் உறைபனி உண்டு. முதல் வசந்தத்தில் அருமையாகப் பூத்தன. அடுத்த ஆண்டு ஏழெட்டுப் பூக்கள். இந்த ஆண்டு வெறும் இலைதான். பூ வாடியதும் புல்லோடு சேர்த்து வெட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். கிழங்கு கெட்டுவிட்டதா? தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக நடவா, உரம் போடவா?

பதில்: தோண்டி எறிய வேண்டாம். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், அந்தச் "சுத்தமாக" வெட்டியதுதான் வம்பு. டாஃபோடில் கிழங்குக்குள் அடுத்த வசந்தத்துக்கான மொட்டு, இந்த ஆண்டுப் பூ வாடிய பிறகு, கோடையின் தொடக்கத்திலேயே உருவாகத் தொடங்கிவிடும். அதற்கு வேண்டிய சத்து முழுவதையும் அந்த இலைகள்தான் வெயிலில் சமைத்துக் கீழே அனுப்புகின்றன. அதனால் முதல் ஆண்டு நீங்கள் பார்த்த பூ, கிழங்கை வளர்த்து விற்றவரின் நிலத்திலேயே உள்ளே உருவாகி வந்த பூ. உங்கள் தோட்டத்தில் அது சம்பாதித்தது இரண்டாம் ஆண்டிலிருந்துதான் தெரியும், அதைத்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் பாதியில் வெட்டிவிட்டீர்கள்.

பூ வாடியபின் குறைந்தது 6 வாரம் இலையைத் தொடாதீர்கள். அது மஞ்சளாகித் தானே சாயும்வரை விட்டால் இன்னும் நல்லது. சிலர் பார்க்க அழகாக இல்லை என்று இலைகளைப் பின்னி முடிச்சுப் போட்டு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். அதுவும் வெட்டுவது மாதிரிதான், வெயில் படாமல் இலை எதைச் சமைக்கும்? புல்தரையில் நட்டவர்கள் அந்த ஒரு திட்டை மட்டும் கோடை பிறந்து இலை முழுக்கச் சாயும்வரை வெட்டாமல் விடத்தான் வேண்டும், கொஞ்சம் பரட்டையாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

அப்புறம் ஒரே ஒரு கிழங்கை மட்டும் பக்கவாட்டில் மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மண்ணாவது அதன் தலைக்கு மேல் இருக்க வேண்டும். காட்டு ரகத்தின் கிழங்கு சிறியது, ஏறக்குறைய 10 செ.மீ. ஆழக் குழி போதும், புல்தரை என்றால் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். மேலாக நட்டால் கோடையில் காய்ந்துபோகும், பூக்கும் பருவத்துக்கு வளராமல் குட்டி குட்டியாகப் பிரிந்துகொண்டே போகும். எடுத்த கிழங்கு கையில் கெட்டியாக, கனமாக இருந்தால் கவலை இல்லை. மெத்தென்று அமுங்கினால் வெட்டிப் பாருங்கள். உள்ளே குடைந்து புழு ஒன்று உட்கார்ந்திருந்தால் அது டாஃபோடில் ஈயின் வேலை, வேர் கிளம்பும் அடித்தட்டு பழுப்பாகிக் குழைந்திருந்தால் அழுகல் நோய். அப்படிப்பட்டதைக் குப்பையில் போடுங்கள், மக்குக் குழியில் போடாதீர்கள். அந்த ஈ, வசந்தக் கடைசியில் இலை சாயும்போது கிழங்கின் கழுத்தருகே விழும் மண் இடுக்கு வழியாக முட்டையிட வரும். அந்த நேரத்தில் மண்ணைக் கிளறி இடுக்கை மூடிவிடுவது நல்ல பழக்கம்.

நெருக்கமாகிவிட்டது என்று தோன்றினால், இலை சாய்ந்தபின் எடுத்துப் பிரித்து, 8-10 செ.மீ. இடைவெளியில் உடனே நட்டுவிடுங்கள். ஆனால் மூன்றே ஆண்டில் அந்த அளவு நெருக்கடி வந்திருக்க வாய்ப்பு குறைவு.

உரமா? புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரத்தை அங்கே தூவாதீர்கள், இலைதான் கொழுக்கும். பூ வாடியதும் சாம்பல்சத்து அதிகமுள்ள உரம் கொஞ்சம், இலையுதிர் காலத்தில் மேலே ஒரு படலம் இலைமக்கு, அவ்வளவுதான். வசந்தத்தில் மழை இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றுங்கள், இலை பச்சையாக இருக்கும்வரை ஈரம் முக்கியம். இடத்தை மட்டும் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள்: மரம் துளிர்த்து நிழல் மூடுவதற்குள் இது பூத்து முடித்துவிடும், காட்டிலும் அப்படித்தான் வாழ்கிறது.

புதிதாகச் சேர்ப்பதானால் இலையுதிர் காலம் தொடங்கியதுமே நடுங்கள், வேர்விட இதற்கு நிறைய நாள் வேண்டும், சின்னக் கிழங்கு என்பதால் வாங்கி வைத்தால் சீக்கிரம் சுண்டிவிடும். காட்டில் பிடுங்கியதை வாங்காதீர்கள், வளர்ப்பு நிலத்தில் பெருக்கியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய பூ விடும் கலப்பின ரகங்களைப் பக்கத்தில் வைக்காமலிருந்தால் நல்லது, ஒன்றோடொன்று கலந்துவிடும். வாடிய பூவில் சில காய்களை விட்டுவைத்தால் விதை விழுந்து தானே பரவும், விதையிலிருந்து பூ வர நாலைந்து ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும், பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம், இந்தக் கிழங்கு விஷம். பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் மாதிரியே இருப்பதால் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தின்றால் கடுமையான வாந்தி வரும். தண்டின் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இலை தெரியும்போதே அந்தத் திட்டைச் சுற்றி நாலு குச்சி ஊன்றிவிடுங்கள். கோடையில் மேலே ஒன்றுமே தெரியாது, வேறு செடி வைக்கப் போய் மண்வெட்டி நேரே கிழங்கில்தான் இறங்கும்.