ஃப்ரீசிங்க் மானிட்டர், என்விடியா கார்டு: கார்டை மாத்துறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க

கேள்வி: என்கிட்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு இருக்கு சார். புதுசா 24 இன்ச் 165 ஹெர்ட்ஸ் ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கி, பாக்ஸ்ல வந்த எச்டிஎம்ஐ கேபிள்லயே மாட்டிருக்கேன். கேம்ல கேமராவ வேகமா திருப்பினா படம் குறுக்க கிழியுது. என்விடியா கண்ட்ரோல் பேனல்ல ஜி-சிங்க் மெனுவே காணோம். கடையில கேட்டா ஃப்ரீசிங்க் ஏஎம்டி கார்டுக்கு மட்டும்தான், கார்டை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்கங்கிறாங்க. குடுத்துடலாமா?

பதில்: குடுக்காதீங்க தம்பி. உங்க கார்டும் சரி, மானிட்டரும் பெரும்பாலும் சரி, கேபிள்தான் தப்பு.

ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் ரெண்டுமே கார்டு படம் குடுக்கிற வேகத்துக்கு ஏத்த மாதிரி மானிட்டரை ஓட வைக்கிற வசதிதான், முன்னது ஏஎம்டி வச்ச பேர், பின்னது என்விடியா வச்ச பேர். கடைக்காரர் சொன்னது 2018 வரைக்கும் உண்மை. அப்போ ஜி-சிங்க் வேணும்னா மானிட்டருக்குள்ளயே என்விடியாவோட தனி போர்டு இருக்கணும், அதுக்குத் தனி விலை. ஏஎம்டி அந்த வழியில போகாம, டிஸ்ப்ளேக்கான தரத்தை வகுக்கிற வெசா அமைப்பு 2014ல டிஸ்ப்ளே போர்ட் 1.2ஏ (எச்டிஎம்ஐ மாதிரி மானிட்டரை மாட்டுற இன்னொரு இணைப்பு) கூட சேர்த்த அடாப்டிவ் சிங்க்கை எடுத்து ஃப்ரீசிங்க்னு பேர் வச்சாங்க. 2019 ஜனவரியில என்விடியாவும் இறங்கி வந்து 417.71 டிரைவர்ல இருந்து ஃப்ரீசிங்க் மானிட்டரையும் ஏத்துக்கிட்டாங்க, ஜிடிஎக்ஸ் 10 சீரிஸும் அதுக்கப்புறம் வந்ததும் எல்லாமே இதுல அடக்கம். இத்தனை வருஷம் ஆகியும் கவுண்டர்ல அதே பழைய பாட்டுதான் பாடுறாங்க. சிலருக்கு நிஜமாவே தெரியாது, சிலருக்கு நல்லாவே தெரியும், ஏன்னா எக்ஸ்சேஞ்ச்ல உங்க கார்டை அடிமாட்டு விலைக்கு எடுத்து அடுத்த வாரம் செகண்ட் ஹேண்ட்ல தள்ளினா அதுலயும் லாபம், உங்களுக்கு விக்கிற புது கார்டுலயும் லாபம்.

விஷயம் இதுதான். சாதா மானிட்டர் நேரத்துக்குக் கிளம்புற டவுன் பஸ் மாதிரி, கார்டு படத்தை முடிச்சிருந்தாலும் முடிக்கலேன்னாலும் போயிட்டே இருக்கும், அதான் கிழிசல்; அடாப்டிவ் சிங்க் ஷேர் ஆட்டோ மாதிரி, படம் ரெடியானதும் கிளம்பும். இதுக்குக் கார்டும் மானிட்டரும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கணும், உங்க கார்டுக்கு அந்த வழி டிஸ்ப்ளே போர்ட். எச்டிஎம்ஐ வழியா போற ஃப்ரீசிங்க் ஏஎம்டி தனக்குன்னு செஞ்சுக்கிட்ட ஏற்பாடு, என்விடியா அதைக் கண்டுக்காது. பாக்ஸ் மேல ஃப்ரீசிங்க்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு உள்ள வெறும் எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் வச்சு அனுப்புறாங்களே, வாங்குறவன் என்ன கார்டு வச்சிருப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இப்ப செய்ய வேண்டியது. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒண்ணு வாங்கி ஒரு முனைய மானிட்டர்லயும் இன்னொண்ண கார்டுலயும் மாட்டுங்க. கார்டுலன்னு அழுத்திச் சொல்றேன், மேல மதர்போர்டு பக்கம் இருக்கிற போர்ட்ல இல்ல. அப்புறம் மானிட்டர் பட்டனை அமுக்கி அதோட மெனுவுல ஃப்ரீசிங்க் இல்லேன்னா அடாப்டிவ் சிங்க்னு இருக்கிறதை ஆன் பண்ணுங்க, நிறைய மானிட்டர்ல கம்பெனியிலயே ஆஃப் பண்ணித்தான் வரும், அது ஆஃப்ல இருந்தா கண்ட்ரோல் பேனல்ல ஜி-சிங்க் மெனு தலைகாட்டாது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல 165 வச்சிருக்கான்னும் பாத்துக்கோங்க. இப்ப கண்ட்ரோல் பேனல திறந்தா 'செட் அப் ஜி-சிங்க்' வந்திருக்கும், எனேபிள் பண்ணி, கீழ 'செலக்டட் டிஸ்ப்ளே மாடல்'னு முடியுற டிக்கையும் போட்டு அப்ளை குடுங்க. இந்த மானிட்டர் வேலிடேட் ஆகலைன்னு ஒரு வரி வரலாம், பயப்படாதீங்க, அது என்விடியா பாஸ் போட்ட லிஸ்ட்ல உங்க மாடல் இல்லைங்கிறதுதான் அர்த்தம். ஆரம்பத்துல 400 மானிட்டரை டெஸ்ட் பண்ணி 12தான் பாஸ்னு சொன்னாங்க, லிஸ்ட்ல இல்லாத எத்தனையோ மானிட்டர் நல்லாவே ஓடுது.

நிஜமா வேலை செய்யுதான்னு பாக்க என்விடியாவோட பெண்டுலம் டெமோவ இறக்கி ஓட்டுங்க, ஜி-சிங்க் மோடுல போட்டா கிழிசல் நிக்கணும். மானிட்டர் மெனுவுல ரெஃப்ரெஷ் ரேட் (ஒரு நொடிக்கு மானிட்டர் எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்குதுங்கிற கணக்கு) காட்டுற வசதி இருந்தா இன்னும் சுலபம், கேம் ஓடும்போது அந்த நம்பர் 165லயே நிக்காம எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு கார்டு குடுக்கிற படங்களோட எண்ணிக்கை) கூடவே ஏறி இறங்கணும். எஃப்பிஎஸ் 165ஐத் தாண்டினா திரும்பக் கிழியும், அதனால 160ல லிமிட் வச்சுடுங்க.

கேபிள் வாங்கும்போதுதான் அடுத்த பொறி. 'ஜி-சிங்க் கேபிள்'னு ஒண்ணு கிடையாது, அந்தப் பேர்ல யாராவது ரெண்டு மடங்கு விலை சொன்னா வெளிய வந்துடுங்க. 1080பி 165க்கு தங்க முலாமும் வேணாம், 8கேவும் வேணாம், ஒழுங்கா செஞ்ச சாதா கேபிள் போதும். ஆனா ரொம்ப மட்டமான கேபிளையும் எடுக்காதீங்க, அதுல 20வது பின் ரெண்டு முனையிலயும் இணைஞ்சிருந்தா மானிட்டர்ல இருந்து கரண்ட் கார்டுக்குள்ள வரும், பிசி ஆன் ஆகாம முரண்டு பிடிக்கும், நீங்க பவர் சப்ளைய சந்தேகப்பட்டுட்டு இருப்பீங்க. எச்டிஎம்ஐல இருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாத்துற கன்வெர்ட்டர் பக்கமே போகாதீங்க.

ஒரு விதிவிலக்க மட்டும் விரிவா சொல்லணும், இல்லேன்னா யாராவது வந்து நான் சொன்னது தப்பும்பாங்க. எச்டிஎம்ஐல என்விடியாவுக்கு சிங்க்கே வராதுன்னு இல்ல. எச்டிஎம்ஐ 2.1ல விஆர்ஆர்னு (வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட், அடாப்டிவ் சிங்க் செய்யுற அதே வேலைதான்) பொதுவான முறை ஒண்ணு இருக்கு, ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ்ல இருந்து கார்டுலயே 2.1 போர்ட் வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி 2019ல எல்ஜி ஓஎல்இடி டிவியில உங்க 16 சீரிஸ் கார்டுக்கும் திறந்துவிட்டாங்க. ஆனா அந்த விஆர்ஆர் மானிட்டர்லயும் இருக்கணும், எச்டிஎம்ஐல ஃப்ரீசிங்க் மட்டும் இருக்கிற மானிட்டர்ல நடக்காது. 2.1னு ஸ்டிக்கர் இருக்கே, போதாதான்னு கேப்பீங்க. போதாது. 2.1ல இருக்கிற வசதி எல்லாமே விருப்பம் இருந்தா வச்சுக்கலாம்ங்கிற கணக்கு, பழைய 2.0 வேகத்துல ஓடுற போர்ட்டுக்கும் 2.1னு பேர் போட விதி அனுமதிக்குது. பேரைப் பாத்து வாங்கினா வசதி இருக்கும்னு நம்ப முடியாதுன்னா அந்தப் பேரை எதுக்கு வச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கும் கோபம் வருது. ஸ்பெக் ஷீட்ல 'எச்டிஎம்ஐ விஆர்ஆர்'னு தனியா எழுதியிருந்தா மட்டும் நம்புங்க.

அதே ஷீட்ல சிங்க் ரேஞ்சையும், அதாவது எத்தனை ஹெர்ட்ஸ்ல இருந்து எத்தனை வரைக்கும் சிங்க் வேலை செய்யும்ங்கிறதையும் பாருங்க. 48ல இருந்து 165ன்னு இருந்தா நல்லது, எஃப்பிஎஸ் 48க்குக் கீழ போனாலும் ஒரே படத்தை ரெண்டு தடவை காட்டி சமாளிச்சுக்கும்.

எல்லாம் செஞ்சும் ஸ்கிரீன் கருப்பாகி கருப்பாகி வந்தா இன்னொரு கேபிள் போட்டுப் பாருங்க. லோடிங் ஸ்கிரீன்லயும் இருட்டான சீன்லயும் மட்டும் வெளிச்சம் துடிச்சா அது பேனல் குணம், விஏங்கிற வகை பேனல்ல அதிகம். அந்தக் கேமுக்கு மட்டும் ஜி-சிங்க்க ஆஃப் பண்ணலாம். தாங்க முடியலன்னா ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள வீடியோ எடுத்து வச்சுக்கிட்டு மானிட்டரைத் திருப்பிக் குடுங்க, கார்டை இல்ல.